‘மாஸ்டர் ஹண்டர்’ சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் தனி வேட்டை அனுமதி தருவது நியாயமா?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேட்டை உரிமமும் எல்க் மானுக்கான டேக்கும் (ஒரு விலங்கைச் சுட அனுமதிக்கும் சீட்டு) வாங்கி, ஆண்டுதோறும் சிறப்பு அனுமதிக் குலுக்கலுக்கும் பணம் கட்டிவரும் ஒருவர், அந்தக் குலுக்கலில் ‘மாஸ்டர் ஹண்டர்’ என்று ஒரு தனிப் பிரிவு இருப்பதைப் பார்க்கிறார். உயர்நிலைத் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதில் விண்ணப்பிக்க முடியாது. காட்டுவிலங்கு மக்கள் அனைவருக்கும் பொது என்று சட்டம் சொல்லும் நாட்டில், எல்லோரிடமும் உரிமக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒரு சிலருக்கு மட்டும் தனி வாசல் திறப்பது எந்த வகையில் நியாயம் என்று அவர் கேட்கிறார்.

அந்த வாசலுக்குப் பின்னால் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். தனியார் நிலத்தில், வீடுகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் நடுவே, பயிர்ச் சேதத்தைக் குறைப்பதற்காகப் பெண் எல்க் ஒன்றைச் சுட வேண்டிய வேலை அங்கே இருந்தால், அதற்குத் தேர்ச்சி கேட்பதில் தவறே இல்லை. பொதுநிலத்தில் திரியும் பெரிய கொம்புள்ள ஆண் எல்க்கை அதே வாசலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால், அது சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தரப்படும் சலுகை; அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. இந்த இரண்டும் ஒரே பெயரில் வழங்கப்படுவதால்தான் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமலே வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையே குற்றமாகிவிட்ட இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் உள்ள விலங்குகளை மக்களின் சார்பில் பராமரிக்கிறது. எந்த விலங்கை, எந்தப் பகுதியில், எந்த நாள்களில், எந்தக் கருவியால் வேட்டையாடலாம் என்பதை அதுவே வகுக்கிறது. வாஷிங்டனில் 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருந்தால்தான் உரிமமே வாங்க முடியும். உரிமமும் டேக்கும் இருந்தால் பொதுப் பருவத்தில் வேட்டைக்குப் போகலாம். ஆனால் காஸ்கேடு மலைத்தொடருக்குக் கிழக்கே, யாகிமா, கொலக்கம் போன்ற மந்தைகளில், பொதுப் பருவத்தில் சுடக்கூடிய ஆண் எல்க் என்பது கிளைக்காத கொம்புள்ள இளங்காளை மட்டுமே. கிளைத்த கொம்புள்ள ஆணையோ, பல இடங்களில் பெண் எல்க்கையோ சுட வேண்டுமென்றால் குலுக்கலில் சிறப்பு அனுமதி விழ வேண்டும். குலுக்கலில் தோற்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளி சேரும். அந்தப் புள்ளிகள் அதே எண்ணால் பெருக்கப்படும், அதாவது ஐந்து புள்ளி வைத்திருப்பவரின் பெயர் குலுக்கலில் 25 முறை இடம்பெறும். இளையோர், 65 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றோடு சேர்ந்து இருப்பதுதான் மாஸ்டர் ஹண்டர் பிரிவு.

இந்தச் சான்றிதழைப் பெற, சாதாரண வேட்டைப் பயிற்சிக்கு மேலே பல படிகளைக் கடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, துப்பாக்கியிலோ வில்லிலோ குறிபார்த்துக் காட்டும் தேர்வு, குற்றப் பின்னணிச் சோதனை, வேட்டை விதிகளை மீறிய வரலாறு இல்லாமை, நன்னடத்தை உறுதிமொழி, இவற்றுக்கெல்லாம் மேலாக அரசு அங்கீகரித்த பணிகளில் பல மணி நேரத் தன்னார்வ உழைப்பு. பெற்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் உழைப்புக் கணக்கைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விதியை மீறினால் சான்றிதழ் பறிபோகும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பது எல்க் மான்களின் வரலாற்றைப் பார்த்தால் புரியும். கிழக்கு வாஷிங்டனில் இன்று திரியும் ராக்கி மலை எல்க்குகளில் பெரும்பகுதி, அங்கே ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், மனிதர்கள் கொண்டுவந்து விட்டவற்றின் சந்ததி. 1913-இல் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து ரயிலில் ஏற்றிவரப்பட்டவை யாகிமா பக்கத்தில் விடப்பட்டன. மலையில் வாழும் இந்த விலங்கு பனிக்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கும் இயல்புடையது. ஆனால் அது இறங்கிவர வேண்டிய பள்ளத்தாக்குகளில் அதற்குள் பழத்தோட்டங்களும் புல்வயல்களும் வந்துவிட்டன. யாகிமா பக்கம் மைல் கணக்கில் எட்டடி உயர வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு மலைப்பக்கமே நின்றுவிட வேண்டும் என்பதற்காக ஓக் கிரீக் வனவிலங்குப் பகுதியில் குளிர்காலம் முழுவதும் எல்க்குகளுக்கு அரசே உலர்புல் போடுகிறது. அதைப் பார்க்கவே சுற்றுலாக் கூட்டம் வருகிறது என்பது வேறு கதை.

வேலி இல்லாத இடங்களில் நிலைமை அப்படி இல்லை. எலன்ஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள கிட்டிடாஸ் பள்ளத்தாக்கு டிமோதி என்ற புல்லுக்குப் பேர்போனது. ஜப்பானுக்குக் கப்பலேறும் அந்த உலர்புல்லில் நிறமும் தூய்மையும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஓர் எல்க் மந்தை இரவில் வயலுக்குள் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பதும் சாணமிட்டுக் கெடுப்பதும் அதைவிட அதிகம். வளர்ந்த பெண் எல்க் ஒன்றே இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அப்படி ஐம்பது விலங்குகள் முள்கம்பி வேலியைத் தாண்டிப் போனால் மறுநாள் காலையில் வேலியின் கதி என்ன என்பதை விவசாயிதான் பார்க்க வேண்டும். மேற்கே ஸ்காகிட் பள்ளத்தாக்கில், செட்ரோ வூலிக்கும் காங்கிரீட் என்ற ஊருக்கும் இடையிலான சாலை ஓரப் பால்பண்ணைகளும் இதே சிக்கலில் மாட்டியிருக்கின்றன. பயிர்ச் சேதத்துக்கு ஒரு கோரிக்கைக்கு 10,000 டாலர் வரை மாநிலம் இழப்பீடு தர வழியுண்டு. ஆனால் ஆண்டுதோறும் இழப்பீட்டுப் படிவம் நிரப்புவதை எந்த விவசாயியும் வாழ்க்கைத் திட்டமாக வைத்துக்கொள்வதில்லை. மந்தை குறைய வேண்டும், குறைந்தபட்சம் வயலுக்கு வரப் பயப்பட வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு.

அப்படியானால் உரிமம் வைத்திருக்கும் எல்லோரையும் வயலுக்குள் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அந்த வயலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். விடியும் நேரம், புல்வெளி முழுவதும் தட்டை. மலைச்சரிவில் சுடும்போது தவறிய குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு இருக்கும். இங்கே மானுக்குப் பின்னால் பக்கத்துப் பண்ணையின் வீடோ, மாட்டுக் கொட்டகையோ, மாநிலச் சாலையோ இருக்கும். பெரிய விலங்குக்கான ரைஃபிள் குண்டு குறி தவறினால் மைல் கணக்கில் போகும். ஆகவே சுடாமல் விட வேண்டிய வாய்ப்புகளே அதிகம். எதைச் சுடக்கூடாது என்று தெரிந்தவர்தான் இங்கே தேவைப்படுகிறார். மந்தை நெருக்கமாக நிற்கும்போது சுட்டால் ஒரு குண்டு இரண்டு விலங்குகளை ஊடுருவலாம். காயம்பட்ட எல்க் வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் ஓடினால், அந்த நில உரிமையாளர் அனுமதிக்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. அவர் வேட்டையே பிடிக்காதவராகவும் இருக்கலாம். சுட்ட பிறகு குடலை எங்கே எடுப்பது, அதை மாடு மேயும் இடத்தில் விட்டுவிட்டுப் போகலாமா, ஈரவயலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் சக்கரத்தடம் எவ்வளவு ஆழமாகப் பதியும், திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டோமா என்பதெல்லாம் விவசாயியின் பார்வையில் குறிபார்க்கும் திறனுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

ஒரு முறை யாரோ ஒருவர் வந்து வாய்க்கால் மதகில் குண்டு பாய்ச்சிவிட்டுப் போனால், அந்த விவசாயி அடுத்த பத்தாண்டுக்கு எவரையும் உள்ளே விடமாட்டார். அவர் விடாவிட்டால் அந்த நிலம் மந்தைக்குப் பாதுகாப்பான ஒதுங்கிடமாகிவிடும். எல்க் அதைப் பாடம்போலக் கற்றுக்கொண்டு, வேட்டைப் பருவம் தொடங்கியதுமே அங்கே போய் நின்றுவிடும். ஆகவே இந்தச் சான்றிதழின் முதல் பயனாளி அதை வைத்திருப்பவர் அல்ல, நில உரிமையாளர்தான். முன்பின் தெரியாத ஒருவரைத் துப்பாக்கியோடு தன் வயலுக்குள் விடச் சம்மதிப்பதற்கு அவருக்கு ஏதோ ஓர் உத்தரவாதம் வேண்டும். அதை அரசு இந்த வடிவத்தில் தருகிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு மற்ற வேட்டைக்காரர்களுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது நடக்காது. கதவு எல்லோருக்கும் சேர்த்து மூடப்படும், அல்லது உரிமையாளர் தனக்குத் தெரிந்த நாலு பேரை மட்டும் கூப்பிடுவார். பிறரிடமிருந்து எடுக்கப்படாத ஒன்றைப் பிறருக்கு இழைத்த அநீதி என்று சொல்வது கடினம்.

இருந்தாலும் கேள்வி கேட்டவரின் மனக்குறைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது, அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. இங்கிலாந்தில் 1671-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ 150 பவுண்டு வருமானம் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உள்ளவர்கள், உயர்குடி வாரிசுகள் ஆகியோர் மட்டுமே வேட்டையாடத் தகுதி பெற்றவர்கள். உழவன் தன் வயலில் மேய்ந்த முயலைப் பிடித்தாலும் குற்றவாளி. 1831-இல்தான் அந்தச் சொத்துத் தகுதி நீங்கியது. ‘தகுதி பெற்ற வேட்டைக்காரர்’ என்ற எண்ணத்தையே வெறுத்துவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் நாட்டில், விலங்கு எவருடைய தனிச்சொத்தும் அல்ல, வேட்டை எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தது என்ற கொள்கை ஆழமாக வேரூன்றியது. வெர்மான்ட் 1777-லேயே தன் அரசமைப்பில் வேட்டையாடும் உரிமையை எழுதிக்கொண்டது. 2024-இல் புளோரிடா வாக்காளர்கள் தங்கள் அரசமைப்பில் சேர்த்தார்கள். பணமும் வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. 1937-ஆம் ஆண்டு பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. அந்தப் பங்கில் பாதி மாநிலத்தின் பரப்பையும் மறுபாதி அங்கே உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உரிமம் வாங்கும் ஒவ்வொருவரும் தன் மாநிலத்துக்கு ஒரு பங்கை ஈட்டித்தருகிறார் என்னும்போது, இந்த ஏற்பாட்டில் தானும் ஒரு பங்குதாரர் என்று அவர் நினைப்பது இயல்புதான்.

சட்டம் இந்த விஷயத்தில் அவருக்கு அதிகம் கைகொடுக்காது. மொன்டானா மாநிலம் வெளிமாநிலத்தாரிடம் எல்க் வேட்டைக்குப் பல மடங்கு கட்டணம் வாங்கியதை எதிர்த்த வழக்கில், 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொழுதுபோக்காக எல்க் வேட்டையாடுவது அரசமைப்பு பாதுகாக்கும் அடிப்படை உரிமைகளில் அடங்காது என்று சொல்லி மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எல்க் உட்படப் பல விலங்குகளை வேட்டையாட உள்ளூர்க்காரர் 30 டாலருக்கு வாங்கிய கூட்டு உரிமத்துக்கு வெளியூர்க்காரர் 225 டாலர் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. வாஷிங்டனின் அரசமைப்பிலும் வேட்டை உரிமை எழுதப்படவில்லை. ஆகவே உயர்நிலைச் சான்றிதழ் கேட்பது சட்டவிரோதம் என்ற வாதம் நிற்காது. சட்டப்படி செல்லும் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதும் உண்மை; அந்த நியாயத்தை நீதிமன்றத்துக்கு வெளியேதான் பேச வேண்டும்.

அப்படிப் பேசும்போது, இந்தச் சான்றிதழின் நிபந்தனைகளை ஒன்றாகக் கட்டிப் பார்க்காமல் பிரித்துப் பார்ப்பது நல்லது. குறிபார்க்கும் தேர்வும் சட்ட அறிவும் விதிமீறல் இல்லாத பின்னணியும் செய்யப்போகும் வேலையோடு நேரடித் தொடர்புடையவை. யாருடைய பணமும் குடும்பப் பெயரும் அங்கே எடுபடுவதில்லை. பயிற்சி எடுத்தால் எவரும் தேறலாம். இவற்றைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. நெருடுவது தன்னார்வ உழைப்பு நிபந்தனைதான். வேலி கட்டுவதும், நீரோடைக் கரையில் செடி நடுவதும், இளையோருக்கு வகுப்பெடுப்பதும் நல்ல காரியங்கள். ஆனால் அவற்றைச் செய்தவர் கூடுதல் பாதுகாப்போடு சுடுவார் என்பதற்கு என்ன தொடர்பு? ஈடுபாட்டை அளக்கும் வழி என்று அதிகாரிகள் சொல்வார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் அது அளப்பது ஈடுபாட்டை மட்டுமல்ல, ஓய்வு நேரத்தையும்தான். ஓய்வூதியம் வாங்குபவருக்கு இருபது முப்பது மணி நேரம் என்பது இன்பமான சில காலைப்பொழுதுகள். கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் இரண்டாவது வேலைக்கும் போகும் ஒருவருக்கு அது கூலியை இழக்கும் நாள்கள். பணிகள் நடக்கும் இடம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் பெட்ரோல் செலவும் சேரும். 1671-இல் நிலம் கேட்டார்கள், இப்போது நேரம் கேட்கிறார்கள் என்று ஒருவர் கசப்போடு சொன்னால், அது மிகைதான், ஆனால் முழுப் பொய் அல்ல.

வேட்டை நடக்கும் விதத்திலும் இதே சாய்வு ஒளிந்திருக்கிறது. சேதத் தடுப்பு வேட்டைக்கு முன்கூட்டியே நாள் குறிப்பதில்லை. மந்தை வயலுக்குள் வந்துவிட்டது என்றால்தான் ஒருங்கிணைப்பாளர் பட்டியலில் உள்ளவர்களை அழைப்பார். புதன்கிழமை இரவு போன் வந்து வியாழன் விடியற்காலை வயலில் நிற்கச் சொன்னால், யாரால் போக முடியும்? சான்றிதழைப் பாடுபட்டுப் பெற்ற தொழிலாளியால்கூடப் பல முறை முடியாது. இதற்கு அரசைக் குறைசொல்லிப் பயனில்லை, எல்க் அலுவலக நேரம் பார்த்து இறங்குவதில்லை. ஆனாலும் பட்டியலில் யார் எஞ்சுகிறார்கள் என்பதை இது தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவின் வடகோடி நாடுகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 30 பயிற்சிக் குண்டுகள் சுட்டுவிட்டு, 100 மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டுகளைக் குறித்த வட்டத்துக்குள் பதிக்க வேண்டும். பின்லாந்தில் மூஸ் மான் படத்தின்மேல் 75 மீட்டரிலிருந்து நான்கு குண்டுகள், 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். தேறினால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அங்கே மாஸ்டர் என்று ஒரு மேல்வகுப்பு இல்லை, ஏனென்றால் எல்லோருமே சுட்டுக்காட்டியவர்கள்தான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அடிப்படை வேட்டைப் பயிற்சிக்கு உண்மையான குண்டைச் சுட்டுக்காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. இங்கேதான் உயர்நிலைச் சான்றிதழின் உள்முரண் வெளிப்படுகிறது. விவசாயியின் வயலில் நிற்கும் எல்க் ஒரே குண்டில் வலியில்லாமல் விழ வேண்டும் என்பதற்காக ஒருவரின் குறியைச் சோதிக்கிறோம் என்றால், பொதுக்காட்டில் நிற்கும் எல்க்குக்கு மட்டும் அந்தக் கரிசனம் ஏன் இல்லை? விலங்கின் நலன் ஒரு காரணம் என்று சொல்வதானால் சுடும் தேர்வு எல்லோருக்கும் இருக்க வேண்டும். அப்போது சிறப்பு அனுமதிக்குக் கூடுதலாகக் கேட்க வேண்டியது வயல்வெளி ஒழுக்கமும் சுத்தமான பின்னணியும் மட்டுமாகக் குறைந்துவிடும். என் தனிப்பட்ட சாய்வு அந்தப் பக்கம்தான். உரிமம் வாங்குபவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற பயத்தால் எந்த மாநிலத் துறையும் அதைத் தொட விரும்பாது என்பதையும் அறிவேன்.

ஜெர்மனியை இந்த வாதத்தில் இழுப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே வேட்டைத் தேர்வு எல்லோருக்கும் கடினம் என்பது சரி. ஆனால் வேட்டையாடும் உரிமை நிலத்தோடு ஒட்டியது. 75 ஹெக்டேருக்கு மேல் தொடர்ச்சியாக நிலம் வைத்திருப்பவருக்குத் தனி வேட்டைப் பகுதி, மற்ற நிலங்கள் சேர்த்துக் குத்தகைக்கு விடப்படும். பயிர்ச் சேதத்துக்குப் பெரும்பாலும் குத்தகைக்காரர் பணம் கொடுக்க வேண்டும். பொறுப்பு தெளிவாக இருக்கிறது, ஆனால் பொதுநில வேட்டை என்ற அமெரிக்கப் பழக்கத்துக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது.

இனி, சலுகையாக மாறும் இடத்துக்கு வருகிறேன். பீச்சஸ் ரிட்ஜ், அப்சர்வேட்டரி போன்ற பகுதிகளில் கிளைத்த கொம்புள்ள ஆண் எல்க்குக்கான அனுமதிக்காகப் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் புள்ளி சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவை சேதத் தடுப்பு வேட்டைகள் அல்ல. மலைக்காட்டில், பொதுநிலத்தில், எல்லோரும் ஆசைப்படும் வேட்டைகள். அங்கே சான்றிதழ் பெற்றவருக்கென்று தனியாக ஓர் அனுமதியை ஒதுக்கினாலும், அது பொதுக் குலுக்கலில் இருந்திருக்கக்கூடிய ஒன்று. அதாவது நேரடியாக இன்னொருவரின் பங்கு. உழைத்தவர்களுக்கு ஏதாவது கைம்மாறு வேண்டாமா, இல்லையென்றால் யார் வருவார்கள் என்று இதற்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. வரவேண்டிய ஆள்கள் வராவிட்டால் நிபந்தனையை எளிதாக்குங்கள், பொதுப் பானையிலிருந்து அள்ளிக் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். சேதத் தடுப்பு வேட்டையிலேயே கூடுதலாக ஒரு பெண் எல்க்கின் இறைச்சி கிடைக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். அதைப் போதாத கைம்மாறு என்று நினைப்பவரை விவசாயியின் வயலுக்கு அனுப்புவது பற்றியே யோசிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், சிறப்பு அனுமதிகளுக்கான வழிகளில் இதைவிட மோசமானது இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல மாநிலங்கள் ஆண்டுக்குச் சில அனுமதிகளை ஏலத்தில் விடுகின்றன. மொன்டானாவில் 2013-இல் காட்டுச் செம்மறி ஆட்டுக்கான ஒரே ஓர் அனுமதி 480,000 டாலருக்குப் போனது. பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது, உண்மைதான். ஆனாலும் அங்கே எந்தத் திறமையும் கேட்கப்படுவதில்லை. குலுக்கல் அதிர்ஷ்டத்தைக் கேட்கிறது, ஏலம் பணத்தைக் கேட்கிறது, சான்றிதழ் திறமையையும் நேரத்தையும் கேட்கிறது. மூன்றில் நேர்மையானது கடைசியதுதான் என்பேன், அதிலிருந்து நேரத்தின் பாரத்தைக் குறைத்தால்.

இந்த விவாதத்தில் பழங்குடியினரின் வேட்டையையும் சிலர் இழுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏன் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று கேட்கிறார்கள். யாகமா மக்களும் ஸ்காகிட் பகுதியின் பழங்குடிகளும் 1855 ஒப்பந்தங்களில் தங்கள் நிலத்தைக் கொடுத்தபோது விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட உரிமை அது. மாநிலம் வழங்கும் அனுமதிகளோடு அதை ஒப்பிடுவதற்கே இடமில்லை.

கேட்டவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாஷிங்டனில் வேட்டைப் பருவ விதிகள் மூன்றாண்டுத் தொகுப்பாக வகுக்கப்படுகின்றன. ஆளுநர் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகு அவற்றுக்கு ஒப்புதல் தருகிறது. மாஸ்டர் ஹண்டர் பிரிவை ஒழியுங்கள் என்று அங்கே போய்ச் சொன்னால் விவசாயிகள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். அதற்குப் பதிலாக, அந்தப் பிரிவில் உள்ள ஒவ்வோர் அனுமதியும் எந்த நிலத்தில், எந்தச் சேதத்துக்காக, பெண் விலங்குக்கா ஆண் விலங்குக்கா என்று பொதுவில் எழுதிக் காட்டச் சொல்லலாம். சேதக் காரணம் இல்லாதவற்றைப் பொதுக் குலுக்கலுக்குத் திருப்பச் சொல்லலாம். தன்னார்வ உழைப்பை மாலைகளிலும் ஞாயிறுகளிலும், மக்கள் வாழும் நகரங்களுக்கு அருகிலும் செய்ய வழி கேட்கலாம். வேட்டைப் பயிற்சி வகுப்பெடுப்பது போன்ற வேலைக்கு நெருக்கமான பணிகளுக்கு மட்டும் அதைச் சுருக்கச் சொல்லலாம். இவை எதுவும் திட்டத்தைக் குலைக்காது.

தானே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் அவர் யோசிப்பதாகத் தெரிகிறது. ஜனவரியில் ஒரு வேலைநாள் விடியலில், சேற்று வயலில் முழங்காலிட்டு, கொம்பில்லாத ஓர் எல்க்கின் குடலைச் சுத்தமாக எடுத்து, விவசாயிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கேட்டை மூடிக்கொண்டு வரத் தயாராக இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். பெரிய கொம்புதான் மனத்தில் இருக்கிறது என்றால், புள்ளியைச் சேர்த்துக்கொண்டு பொதுக் குலுக்கல் வரிசையிலேயே நிற்பது நல்லது.